பாப்பா வரும் அறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வீடு கட்டி முப்பது வருடம் ஆகிறது. அவளும் குழந்தையும் தங்கப்போகும் அறைக்குப் பெயின்ட் அடிக்க நினைக்கிறோம். ஆணோ பெண்ணோ, எதற்கும் பொருந்தட்டும் என்று மஞ்சள் நிறம் பார்த்து வைத்திருக்கிறோம். இப்போது அடிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அடிக்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்னதாகவாவது எல்லா வேலையும் முடிந்து, ஜன்னல் திறந்து, அறை காற்றாட வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் மகள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். சித்தி வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள்.

புதுப் பெயின்ட்டின் வாடையைவிடப் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது கிளம்பும் தூசிதான் பெரிய ஆபத்து. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு எனாமல் என்றால் இன்னும் அதிகம். அந்தத் தூசியைத் தாய் சுவாசித்தால் ஈயம் ரத்தம் வழியாக வயிற்றில் உள்ள குழந்தைக்கும் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆகவே உரியாமல் கெட்டியாக இருக்கும் பழைய பூச்சைத் தொடாதீர்கள், அதன் மேலேயே அடித்துவிடலாம். செதில் செதிலாக உரியும் இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு அவசியம். விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி காற்றில் ஏறும், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சுவரில் ஓதம் இருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும். ஓதத்தின் மேல் பட்டி பார்த்தால் ஒரே மழைக்காலத்தில் பொருமி உதிரும், பூஞ்சையும் பிடிக்கும். பத்துக்குப் பத்து அறையின் நான்கு சுவருக்கும் இரண்டு கோட்டுக்கு 4 லிட்டர் எமல்ஷன் ஏறக்குறையப் போதும். கதவு, ஜன்னலுக்குத் தண்ணீரில் கரையும் எனாமலே கேட்டு வாங்குங்கள், அதன் வாடை சீக்கிரம் அடங்கும்.

மஞ்சளை மட்டும் விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் கொஞ்சமாவது காமாலை வரும். மஞ்சள் சுவரிலும் மஞ்சள் திரைச்சீலையிலும் பட்டு வரும் வெளிச்சத்தில் குழந்தையின் தோல் நிறம் சரியாகத் தெரியாது. அடர் நீலமும் வேண்டாம், உதடு நீலம் பாய்வது கண்ணுக்குப் படாது. அரை வெள்ளை, சந்தன வெள்ளை, மிக வெளிர் பச்சை நல்லது. தினமும் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையும் மார்பையும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். கூரையில் தூளிக்குத் தனிக் கொக்கி இல்லை. ஃபேன் கொக்கியில் கட்டலாமா? ஸ்பிரிங் தூளி நல்லதா?
– வாசகர், சென்னை

பதில்: ஃபேன் கொக்கியில் கட்டவே கூடாது. அது அசையாமல் தொங்கும் எடைக்கு வைத்தது. தூளியோ நாள் முழுக்க முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் கட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

தளம் போடும்போதே 12 மி.மீ. கம்பியை வளைத்துக் கான்கிரீட்டின் உள்கம்பியோடு கட்டி வைத்த கொக்கிதான் நம்பகமானது. உங்களுக்கு அது இல்லாததால், கால் அகன்ற இரும்புத் தூளி ஸ்டாண்ட் வாங்குவதையே முதலில் சொல்வோம். துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அனுபவமுள்ள ஆளை வைத்து ஆங்கர் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். போல்ட் பூச்சைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறுகியிருக்க வேண்டும். பூச்சில் மட்டும் பிடித்திருந்தால் ஒருநாள் பொத்தென்று வந்துவிடும். குழந்தையைப் போடுவதற்கு முன் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை நிரப்பி, ஓர் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். 40 கிலோ ஆகிறது. காலையில் கொக்கியைச் சுற்றி முடி அளவு விரிசல் தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

துணி பழைய பருத்திப் புடவையாக இருக்கட்டும். நைலான், பாலியெஸ்டர் புடவையில் முடிச்சு வழுக்கும், காற்றும் புகாது. இரண்டாக மடித்துக் கட்டி, மேலே தொட்டில் கம்பு கொடுத்து வாயை விரித்து வையுங்கள். கம்பு இல்லாவிட்டால் இரண்டு பக்கத் துணியும் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தை படுத்தபின் தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்குமேல் போகக் கூடாது. கீழே தடித்த விரிப்பு வேண்டும். சுற்றி மூன்றடிக்குள் கட்டில் விளிம்போ சுவரோ இருக்கக் கூடாது.

ஸ்பிரிங்கில் குறை என்னவென்றால், அது வளைந்து கொக்கியாகும் முனையில்தான் தேய்ந்து திடீரென்று முறியும், முன்கூட்டித் தெரியாது. தாங்கும் எடை பொறித்ததை வாங்கி, அதன் நடுவே ஒரு கெட்டிக் கயிற்றைத் தளர்வாக விட்டுக் கூரைக் கொக்கியிலும் தூளியிலும் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் முறிந்தாலும் கயிறு தாங்கும். மேலே துணி உறை போடுங்கள், மூத்த குழந்தையின் விரல் இடுக்கில் சிக்காது.

தூளி நம் தாய்மார்களின் அருமையான சொத்து. அழும் குழந்தையை அமர்த்த அதற்கு இணையில்லை. ஆனால் அது வளைந்த படுக்கை. பச்சிளம் குழந்தைக்குக் கழுத்து நிற்காததால் தாடை மார்பில் இடித்து மூச்சுக்குழல் மடங்கலாம், அப்போது அழுகைச் சத்தம்கூட வராது. அதனால் ஆள் பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டுங்கள், கண் அயர்ந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டாம். புரளத் தொடங்கியபின் தனியாக விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் இலவம் பஞ்சில் குழந்தைக்கு மெத்தை, தலையணை, இருபுறம் அணைக்கத் திண்டு எல்லாம் தைத்து வைத்திருக்கிறோம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணையும் வாங்கலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: ஆசையாகத் தைத்திருக்கிறீர்கள், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். முதல் ஒரு வருடம் குழந்தையின் படுக்கையில் தலையணை, திண்டு, கடுகுத் தலையணை, பொம்மை எதுவுமே கூடாது. இலவம் பஞ்சின் அருமையே உடம்பு புதைவதுதான். குழந்தை கவிழ்ந்து முகம் புதைந்தால் அதே அருமை மூச்சை அடைக்கும். மெத்தையைக் கையால் அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே மறைய வேண்டும், உங்கள் கைத்தடம் நின்றால் அது குழந்தைக்கு ஆகாது.

தரையில் படுக்க வைப்பதானால் பாயின் மேல் பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினால் போதும். கட்டில் தொட்டில் என்றால் 4 அங்குலத் தென்னைநார் மெத்தை போடலாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் புகக் கூடாது. கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அதற்குமேல் என்றால் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும்.

தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, ஒருநாள் கிழக்கே, மறுநாள் மேற்கே என்று தலைமாட்டை மாற்றிப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். தைத்த திண்டுகள் வீணாகாது. பால் கொடுக்கும்போது தாயின் முழங்கைக்கும் முதுகுக்கும் அவற்றைவிட நல்ல அணை கிடையாது.

கேள்வி: பீரோவில் வைத்த பழைய பட்டு, பருத்திப் புடவைகளையும் மூத்தவனின் சட்டைகளையும் எடுத்து அப்படியே பயன்படுத்தலாமா? அந்துருண்டை வாசம் கொஞ்சம் இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: அப்படியே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவி அவர்களின் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை ஒரே நாளில் ஏற்றிவிடும். எண்ணெய் தடவிய உடம்பில் அது இன்னும் வேகமாக ஊறும், நம் வீடுகளில் எண்ணெய் தடவாத பச்சைக் குழந்தை ஏது?

பருத்தித் துணிகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் கொடியில் பிரித்துப் போடுங்கள். முகர்ந்து பாருங்கள், வாசம் மிச்சம் இருந்தால் மறுபடி துவையுங்கள். பட்டைக் குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம். மர அலமாரி வாசத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே துவைத்ததைப் பழைய தட்டிலேயே அடுக்காதீர்கள். பூச்சிக்கு, காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: கொசுவும் அதிகம், வெக்கையும் அதிகம். ஏ.சி. போடலாமா? சுருள் ஏற்றலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஏ.சி. போடலாம். 25, 26 டிகிரியில் வைத்து, காற்று நேராகக் குழந்தைமேல் படாதபடி துடுப்பை மேலே திருப்புங்கள். சுருள், சாம்பிராணி இரண்டின் புகையும் குழந்தை இருக்கும் அறையில் கூடாது. தலைக்கு ஊற்றியபின் துண்டால் ஒற்றினாலே முடி காய்ந்துவிடும். ஜன்னலுக்கு வலை அடித்து, படுக்கைக்குக் குடை கொசுவலை வையுங்கள். பகல் தூக்கத்துக்கும் அது வேண்டும், டெங்கு கொசு கடிப்பது பகலில்தான். வலை குழந்தையின் கைக்கு எட்டாத அகலத்தில் இருக்கட்டும்.

கேள்வி: சின்ன அறை. என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: படுக்கை, துணி வைக்க ஒரு அலமாரி, பால் கொடுக்க ஒரு நாற்காலி. இவ்வளவுதான். துணி மாற்றத் தனி மேஜை வேண்டாம், குழந்தை புரளத் தொடங்கும் நாளில் அதிலிருந்து விழும். தரையில் ரப்பர் ஷீட், மேலே துணி விரித்து மாற்றுங்கள். நாற்காலி 16, 17 அங்குல உயரத்தில், கைப்பிடியோடு, பாதம் தரையில் முழுதும் படும்படி இருக்கட்டும். அலமாரி எவ்வளவு கனமானாலும் மேல்பக்கத்தை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு திருகிவிடுங்கள். ஒரு வயதில் குழந்தை இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும்போது அது முன்பக்கம் சாயும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, காலி செய்யும்போது அந்த இரண்டு துளையையும் பட்டி வைத்து அடைத்துக் கொடுத்துவிடலாம்.