பின் டிரெயிலியர் வாங்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: 8 கியர் கொண்ட என் பழைய மலைச் சைக்கிளில் பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) உடைந்துவிட்டது. 10 கியருக்கான ஷிமானோ டியோர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்தலாமா?

பதில்: ஃபிரேமில் அது தடையின்றி ஏறிவிடும். அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஷிஃப்டரை (கைப்பிடியிலுள்ள கியர் மாற்றியை) ஒருமுறை தட்டும்போது கேபிள் எவ்வளவு இழுபடுகிறது, அந்த இழுப்புக்கு டிரெயிலியர் எவ்வளவு நகர்கிறது என்னும் இரண்டும் ஒத்துப்போனால்தான் செயின் அடுத்த பல்சக்கரத்தில் சரியாக உட்காரும். ஷிமானோ தன் மலைச் சைக்கிள் வரிசைகளில் 9 கியர் வரை ஒரே அளவை வைத்திருந்து, 10 கியருக்கு வந்தபோது அதை மாற்றிவிட்டது. உங்கள் ஷிஃப்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் 8 அல்லது 9 கியருக்கான ஷிமானோ ஆல்டஸ், அலிவியோ போன்றவற்றையே தேடுங்கள். கியூஸ் என்னும் புதிய வரிசையில் 9 கியர் என்று எழுதியிருந்தாலும் அதன் இழுப்பளவு வேறு என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'மொத்தக் கொள்ளளவு' என்று குறிப்பேட்டில் போட்டிருப்பது எதைச் சொல்கிறது?

பதில்: தளரும் செயினை எவ்வளவு தூரம் டிரெயிலியர் இழுத்துப் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. முன்னால் 42, 32, 22 பற்கள், பின்னால் 11 முதல் 34 வரை என்றால், முன்பக்க வித்தியாசம் 20, பின்பக்க வித்தியாசம் 23, ஆக 43 தேவை. அதற்கு நீண்ட கூண்டு (இரு சிறு சக்கரங்களைத் தாங்கும் கீழ்ப்பகுதி) கொண்ட டிரெயிலியர்தான் சரிவரும். இத்துடன், அது ஏறக்கூடிய மிகப் பெரிய பல்சக்கரத்துக்குத் தனி வரம்பு உண்டு. முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்துப் பின்னால் 11-46 போடுபவருக்குக் கொள்ளளவு 35 போதும். ஆனால் 36 பல் வரை மட்டுமே ஏறும் டிரெயிலியர் அங்கே உதவாது.

கேள்வி: டிரெயிலியரில் கிளட்ச் அவசியமா?

பதில்: கற்களும் வேர்களும் நிறைந்த இறக்கத்தில் ஓட்டுபவர் என்றால், என் பார்வையில், கியர் எண்ணிக்கையைவிட அதற்குச் செலவழிப்பதே மேல். கூண்டு முன்னோக்கி ஆடாமல் அது உராய்வால் பிடித்துக்கொள்வதால் செயின் ஃபிரேமில் அடிப்பதும் கழன்று விழுவதும் வெகுவாகக் குறையும். ஷிமானோவில் ஓரத்திலுள்ள சிறு நெம்புகோலால் கிளட்சை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினால் வேலை எளிது. மறுபடி போட மறக்கக் கூடாது. தார்ச்சாலையிலேயே ஓட்டுபவருக்கு இது தேவையில்லை.

கேள்வி: புது டிரெயிலியர் போட்டும் நடுக் கியர்களில் செயின் தாவுகிறது. பொருள் பழுதா?

பதில்: முதலில் ஹேங்கரை, அதாவது டிரெயிலியரை ஃபிரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டைப் பாருங்கள். செயினை நடுப் பல்சக்கரத்தில் வைத்து, சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கண்ணை ஓட்டினால், அந்தப் பல்சக்கரமும் கூண்டிலுள்ள இரு சிறு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். கீழ்ச் சக்கரம் கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் உட்புறம் வளைந்திருக்கிறது. இந்நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கூண்டு சக்கரக் கம்பிகளில் சிக்கி மீண்டும் உடையும். பழைய டிரெயிலியரை உடைத்த அடிதான் பெரும்பாலும் இதையும் வளைத்திருக்கும்.

கேள்வி: ஹேங்கரே இல்லாத டிரெயிலியர் உண்டாமே?

பதில்: உண்டு. ஸ்ராம் 2023இல் கொண்டுவந்த டிரான்ஸ்மிஷன் வகை நேரடியாக ஃபிரேமிலேயே பொருந்துகிறது. ஆனால் அதே நிறுவனம் 2019இல் அறிமுகம் செய்த யூ.டி.எச். என்னும் பொது வகை ஹேங்கருக்கேற்ற ஃபிரேம் இருந்தால்தான் அதைப் போட முடியும். பழைய ஃபிரேமுக்கு வழியில்லை.