நிலம் நம்மளுது, மேல போற கம்பி அவங்களுது: சில கேள்விகளுக்கு பதில்

கடலூர் கோர்ட்ல சிவில் கேஸ் பாக்குற ஆளுங்கிறதால இந்த மாதிரி கேள்வி எனக்கு அடிக்கடி வரும். வந்ததுல சிலதுக்கு பதில் எழுதுறேன்.

பண்ருட்டி பக்கத்துலேர்ந்து: சார், எங்க பலா, முந்திரி தோப்புல கரண்ட் லைன் டவர் போடணும்னு வந்து குச்சி நட்டு மார்க் பண்ணிட்டு போய்ட்டாங்க, எங்ககிட்ட ஒரு கையெழுத்து கூட வாங்கல. சம்மதம் இல்லாம போட முடியுமா?

கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா பெரும்பாலும் முடியும். 2003 மின்சார சட்டம் 164-வது பிரிவுல லைன் போடுற கம்பெனிக்கு அரசு ஆர்டர் குடுத்திருந்தா, 1885-ம் வருஷத்து தந்தி சட்டத்துல இருந்த பவர் எல்லாம் அவங்களுக்கு வந்துடும். தந்தியே போயிடுச்சு, 2023-ல புது டெலிகாம் சட்டமும் வந்துடுச்சு, ஆனா கரண்ட் லைனுக்கு மட்டும் பழைய தந்தி சட்டத்தோட மூணாவது பார்ட் செல்லும்னு அந்த புது சட்டத்துலயே எழுதி வச்சிட்டாங்க! அதனால முதல்ல நீங்க கேக்க வேண்டியது 164 ஆர்டர் காப்பி. அந்த ஆர்டர் இல்லேன்னா மின்சார சட்டத்துக்கு கீழ வந்த 2006 ரூல்ஸ் தான், அதுல உங்க சம்மதம் வேணும், நீங்க மறுத்தா அவங்க கலெக்டர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கிட்டு தான் வரணும்.

ஆர்டர் இருந்தாலும் நிலம் அவங்களுக்கு சொந்தமாகாது. யூஸ் பண்ற உரிமை மட்டும் தான், பட்டா உங்க பேர்லயே இருக்கும். முடிஞ்ச அளவுக்கு கம்மியா சேதம் பண்ணணும், ஆன சேதத்துக்கு முழு நஷ்டஈடு தரணும்னு அந்த தந்தி சட்டத்துலயே இருக்கு. நீங்க தடுத்தா கலெக்டர் ஆர்டர் போடுவார், அதுக்கப்புறமும் மறிச்சா கிரிமினல் கேஸ் ஆயிடும், ஜேசிபி முன்னாடி போய் படுக்குற வேலை எல்லாம் வேணாம். தொகை பத்தலேன்னா மாவட்ட நீதிபதிகிட்ட மனு போடலாம்.

தொகைன்னா எவ்ளோன்னு அடுத்து கேப்பீங்க. மரம், பயிருக்கான நஷ்டஈடு தனி. நிலத்துக்குன்னு 2015-ல மத்திய மின் அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் விட்டுச்சு, டவர் கால் நிக்கிற இடத்துக்கு நில மதிப்புல 85%, கம்பிக்கு கீழ வர்ற இடத்துக்கு 15% வரைக்கும். 2024 ஜூன்ல அதையே 200%, 30%னு ஏத்துனாங்க. ஆனா இது வழிகாட்டுதல் தான், மாநில அரசு ஜி.ஓ. (அரசாணை) போட்டா தான் கைக்கு வரும், அதனால உங்க லைனுக்கு எந்த ஜி.ஓ.ன்னு கலெக்டர் ஆபீஸ்ல எழுதியே கேளுங்க.

அதை விட அவசரம் மரக்கணக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுங்க, எத்தன மரம், என்ன வயசு, வருஷத்துக்கு எவ்ளோ காய்ப்புன்னு எழுதி வி.ஏ.ஓ.கிட்ட சான்று வாங்குங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் 2011 டிசம்பர் தானே புயல்ல தோப்பே சாஞ்சு போய் திரும்ப நட்டு வளத்தவரு, நல்லா காய்ச்சிட்டு இருந்த மரத்தை லிஸ்ட்ல கன்னுன்னு எழுதிட்டாங்க, மரத்தை வெட்டுன பிறகு நிரூபிக்க அவர்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல.

புவனகிரிலேர்ந்து: கேஸ் பைப் போகுதுன்னு நோட்டீஸ் வந்திருக்கு. அந்த இடத்துல இனிமே பயிர் வைக்க முடியாதா?

நெல்லு, உளுந்து தாராளமா வைக்கலாம். 1962 பைப்லைன் சட்டத்துல வீடு கட்டக்கூடாது, கிணறு, குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது, அவ்ளோ தான். பைப் ஒரு மீட்டர் ஆழத்துக்கு கீழ தான் போகணும், குடியிருக்குற வீட்டுக்கு அடியிலயோ வீட்டை ஒட்டுன மனையிலயோ போகவே கூடாது. நில மதிப்புல 10% தர்றாங்க, அது ரொம்ப கம்மின்னு தான் நானும் சொல்லுவேன், கிணறு வெட்ட முடியாத நிலத்தை அப்புறம் யார் நல்ல விலைக்கு வாங்குவான்? பயிர் சேதம் அதுக்கு மேல தனி. ஆட்சேபணைக்கு அறிவிப்பு வந்த தேதிலேர்ந்து 21 நாள் தான் டைம், நோட்டீஸ் தேதிய இன்னிக்கே பாருங்கம்மா.

நெல்லிக்குப்பம்: பக்கத்து வீட்டு சர்வீஸ் வயர் எங்க மனை மேல போகுது. அப்பா காலத்துல சரின்னு விட்டது, இப்ப மாடி கட்டணும்.

அப்பா வாயால சரின்னு சொன்னது வெறும் அனுமதி, அதை திரும்ப வாங்கிக்கலாம். ஆனா யாரையும் கேக்காம, யாரும் தடுக்காம வெளிப்படையா 20 வருஷம் ஓடிடுச்சுன்னா அவங்க வசதியுரிமைன்னு (அடுத்தவர் இடத்தை யூஸ் பண்ற உரிமை) வழக்கு போடுவாங்க. அதனால அனுமதி தான் குடுத்தோம்னு இப்பவே ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர் போட்டுடு தம்பி. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசிப்பாக்குறதையும் விட்டுடாத, ஒரு கம்பம் செலவுல முடியுற விஷயம் இது.

அரியாங்குப்பம்: மனைக்கு நடுவுல கம்பம். மாத்த மாட்டாங்களா?

மாத்துவாங்க, ஆனா நீங்க கேட்டு மாத்துனா பொதுவா செலவு உங்க தலையில தான். மின்துறை ஆபீஸ்ல மனு குடுத்து எஸ்டிமேட் வாங்குங்க. அதுவரைக்கும் 11 கேவி கம்பின்னா பக்கவாட்டுல 1.2 மீட்டர், மாடிக்கு மேல 3.7 மீட்டர் இடைவெளி விட்டு தான் கட்டணும், மேஸ்திரி ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவார், கேக்காதீங்க.

கடலூர் ஓ.டி.: மொட்டை மாடில செல்போன் டவர் வைக்க கேக்குறாங்க.

கலெக்டர், தந்தி சட்டம்னு யாராவது பயம் காட்டினா நம்பாதீங்க, பொதுவா இது உங்க இஷ்டம் தான். ஒத்துக்கிட்டா ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும். டவரை கழட்டுற செலவும் தளத்துல விழுற ஓட்டைய அடைக்குற செலவும் யாருதுன்னு அந்த பத்திரத்துலயே எழுத சொல்லுங்க, முன்பணம் தர்றோம்னு நம்மகிட்டயே பணம் கட்ட சொல்ற போன் வந்தா கட் பண்ணிடுங்க.