அவருக்குத் தெரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ரயில்வே கேட்காரராக இருந்த மாரிமுத்து பற்றிய உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். 2011 ஜூன் 30ஆம் தேதி அந்த வழியாகக் கடைசி ரயில் போனபிறகு, அவர் உட்லண்ட்சில் மகன் வீட்டில் வேலையின்றி உட்கார்ந்திருக்கும் பகுதி என்னை அழவைத்தது. ஆனால் முடிவு புரியவில்லை. பச்சைக் கொடியைச் சுருட்டிக் குடைகளோடு வைக்கிறாரே, தான் இனித் தேவையில்லை என்பதை ஏற்றுக்கொண்டாரா, இல்லையா? மகன் அவருக்கு ஏதாவது சின்ன வேலை கொடுத்திருக்கலாமே? என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வயது 76. வீட்டில் துணி மடிக்கும் வேலையை அவரிடம் விட்டிருக்கிறோம். கை நடுக்கத்தால் சரியாக வராது. அவர் தூங்கியபிறகு பணிப்பெண் எல்லாவற்றையும் மறுபடி மடித்து வைப்பார். அப்பாவுக்குத் தெரியாது. சந்தோஷமாக இருக்கிறார்.

இன்னொன்று. அந்தக் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். அதைக் கதையில் ஏன் சொல்லவில்லை? வசனங்களில் மலாய்ச் சொற்களும் கொஞ்சம் அதிகம்.

ஒரு வாசகி, யீஷூன்

அன்புள்ள வாசகிக்கு,

சுல்தான் ஓட்டியது உண்மைதான். தண்டவாளத்தோரம் கூட்டம் நின்று படம் பிடித்தது. மாரிமுத்துவுக்கு வண்டியை யார் ஓட்டினாலும் காட்டவேண்டிய கொடி ஒன்றுதான். மலாய்ச் சொற்களைக் குறைக்கப் போவதில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காகவும் இல்லை. ‘அப்பாவுக்குத் தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

அவருக்குத் தெரியும். முதல் வாரமே தெரிந்திருக்கும். தன் மடிப்பு எது, அடுத்தவர் மடிப்பு எது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடிகூட வேண்டாம். காலையில் அலமாரியைத் திறந்து சட்டையைத் தொட்டாலே போதும். உங்கள் அப்பா யார் என்று யோசித்தீர்களா? 1972இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. மூட்டை சுமந்த தோள்கள் செய்ததைப் பாரந்தூக்கி செய்யத் தொடங்கியது. நேற்றுவரை கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்த இடத்தில் ஒரு மனிதனைக் கூப்பிடுவது எப்படி நின்றுபோகும் என்று அவர் தலைமுறை கண்ணெதிரே பார்த்தது. அவரிடம் போய் இந்த நாடகமா?

உங்கள்மேல் கோபமாகத்தான் எழுதுகிறேன். அதே தப்பை நானும் செய்தவன் என்பதால் கோபம் கூடுதலாக வருகிறது.

என் அப்பா அச்சுக்கோப்பவர். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே நின்றபடியே வேலை பார்த்தார். கட்டத்தைப் பார்க்காமலே ஈய எழுத்தை எடுப்பார், கோத்த வரியை வலமிடம் மாறிய நிலையிலேயே வேகமாகப் படிப்பார். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு 1978இல் தமிழ்நாடு ஆணையிட்டது. பிறகு இங்கேயும் வந்தது. அப்பாவின் கேஸில், அதாவது ஈய எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் போட்டுவைக்கும் பெட்டியில், ஏழு கட்டங்கள் காலியாயின. துதிக்கை போட்ட பழைய ணை, லை, ளை, னை. கீழே சுழித்த பழைய ணா, றா, னா. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் கை பழைய கட்டத்துக்கே போய்ப் போய்த் திரும்பியதாகச் சொல்வார்.

அப்புறம் கணினி வந்தது. கேஸையே தூக்கிவிட்டார்கள்.

தோ பாயோ வீட்டில், சாப்பாட்டு மேசையில், அவர் விரல்கள் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. நான் அப்போது பகுதிநேரமாகப் புரூஃப் பார்த்துவந்தேன். ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். “நீங்க ஒரு தடவை பாத்தாத்தான் தைரியமா அனுப்ப முடியும்பா” என்றேன். பொய். அந்தப் புத்தகம் அச்சாகிக் கடைக்கே போய்விட்டிருந்தது.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். விட்டுப்போன ஒற்று, மாறிப்போன ர, ற, இரண்டு தடவை விழுந்த வரி, எல்லாவற்றையும் பிடித்தார். நான் விட்ட பிழைகளும் அதில் இருந்தன. இப்படி மூன்று புத்தகங்கள். அவருக்குத் தெரியாது, சந்தோஷமாக இருக்கிறார் என்று நண்பர்களிடம் சொன்னேன், கிட்டத்தட்ட உங்கள் சொற்களிலேயே.

ஒருநாள் மாலை நூலகத்திலிருந்து திரும்பினார். அந்த முதல் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தார். பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அவர் திருத்திய ஒற்று ஒன்றுகூட ஏறவில்லை. “போன வருஷமே பாத்துட்டேன்” என்றார். பார்த்தபிறகும் இரண்டு புத்தகங்களை ஓர் எழுத்து விடாமல் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்.

“அப்புறம் ஏம்பா பாத்தீங்க?”

“நீ ஆசையா கொண்டாந்து குடுத்தியே.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். “இனிமே அச்சு ஓட்டுறதுக்கு முன்னாடி குடு. இல்லாட்டி வேணாம். நான் சும்மா இருந்துக்குவேன்.”

நான் கொடுக்கவில்லை. கண் மங்கிவிட்டது, காலக்கெடு இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கொடுத்திருக்கவேண்டும். ஒரே ஒரு புரூஃபையாவது நிஜமாகக் கொடுத்திருக்கவேண்டும். இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

அவர் சொன்னபடி சும்மா இருந்தார். சாயங்காலம் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சதுரங்கம் ஆடுபவர்கள் பக்கத்தில் உட்காருவார். ஆடமாட்டார். யாருக்கும் யோசனை சொல்லமாட்டார். வீட்டில் யாரும் அவரை எதிர்பார்த்திருக்கவில்லை, அதற்காக அவர் கூசவும் இல்லை. விரல்கள் ஓயச் சில மாதங்கள் பிடித்தன. ஏற்றுக்கொண்டாரா என்று மாரிமுத்துவைப் பற்றிக் கேட்கிறீர்கள். என் அப்பாவிடம் நான் பார்த்தது இவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் கிழவர் வானத்தைப் பார்த்துப் புன்னகைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் சமாதானமாகிவிட்டால் நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம் என்பதற்காகத்தான். அந்த வசதியை நான் செய்துதர மாட்டேன்.

பணிப்பெண்ணிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அப்பா மடித்ததைத் தொடவேண்டாம் என்று. அந்தக் கோணல் மடிப்போடு உடுத்திக்கொண்டு வேலைக்குப் போங்கள். அலுவலகத்தில் யாராவது கேட்டால் அப்பா மடித்தது என்று சொல்லுங்கள். அது முடியாதென்றால் துணியை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். அவர் தாங்குவார். நீங்கள் அவர்மேல் வைத்திருக்கும் பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கும் இருக்காது, அதனால்தான் மறுநாளும் உட்கார்ந்து மடிக்கிறார்.

அப்பா போனபிறகு வீட்டைக் காலி செய்தபோது அந்த ஏழு எழுத்துகளைத் தேடினேன். சாமி அலமாரியில் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே இல்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில், ஒரு மைலோ டின்னில், ஆணி, திருகாணி, குழாய் வாஷர்களோடு கலந்து கிடந்தன. மாரிமுத்துவின் கொடி குடைகளோடு இருப்பது அதனால்தான்.