ஸ்டீவ் புளூமரைத் தவிர, வெளிநாட்டில் பயிற்சியாளராகப் பேர் வாங்கிய பழைய இங்கிலாந்து கால்பந்து வீரர் யார்?

பலரும் ஜிம்மி ஹோகன் பெயரைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் என் ஓட்டு ஃபிரெட் பென்ட்லாண்டுக்கு.

1883இல் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர், வலது ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர். பிளாக்பர்ன், பிரென்ட்ஃபோர்ட், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், மிடில்ஸ்பரோ என்று ஒரு சுற்று வந்தார். 1909இல் இங்கிலாந்துக்காக 5 ஆட்டம் ஆடினார். அதோடு சரி. அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ பேர்.

1914இல் ஜெர்மனியின் ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சி கொடுக்க பெர்லின் போனார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டிஷ்காரர் என்பதால் பிடித்து ரூலேபென் முகாமில் போட்டுவிட்டார்கள். அது ஒரு குதிரைப் பந்தய மைதானம். கைதிகள் படுத்தது குதிரை லாயத்தில். நீங்கள் சொன்ன புளூமரும் அங்கேதான் கிடந்தார். கையில் பந்து கிடைத்ததும் கைதிகள் அணி பிரித்து லீக்கே நடத்தியிருக்கிறார்கள். ஆடியவர்களில் சிலர் முன்னாள் சர்வதேச வீரர்கள்! வேடிக்கை பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொல்லலாம், சிறை என்பதை மறந்துவிட்டால்.

போர் முடிந்த பிறகு 1920 ஒலிம்பிக்குக்குப் போன பிரான்ஸ் அணியோடு வேலை, அப்புறம் ஸ்பெயினில் சாந்தாந்தேர் அணி. 1922இல் அதே நாட்டின் அத்லெடிக் பில்பாவோ கிளப் கூப்பிட்டது. கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

முதல் நாள் பயிற்சியில் அவர் பந்தையே தொடவிடவில்லையாம். ஷூ லேஸை எப்படி ஒழுங்காகக் கட்டுவது என்று காட்டினார் என்பார்கள். சின்ன வேலையைச் சரியாகச் செய்தால் பெரியது தானாக வரும் என்பது அவர் கட்சி. பில்பாவோ மழை ஊர், சேறும் சகதியுமான மைதானம். தூக்கி அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடி மோதுவதுதான் அங்கே வழக்கம். இவர் வந்து குட்டிக் குட்டி பாஸ்களாகத் தரையோடு ஆடவைத்தார். ஓர் இங்கிலாந்துக்காரர் போய் இங்கிலாந்து பாணியை ஒழித்துக்கட்டினார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

1923இல் ஸ்பெயின் கோப்பை. பிறகு மாட்ரிட், ஒவியேதோ என்று வேறு அணிகளுக்குப் போய்விட்டு 1929இல் பில்பாவோவுக்கே திரும்பினார். 1929-30 லீக்கில் 18 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் லீக், கோப்பை இரண்டும் இவர்களுக்கே. 1932, 1933 கோப்பையையும் சேர்த்தால் தொடர்ந்து நாலு. 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று அடித்தார்கள்; பாத்தா என்பவர் மட்டும் 7 கோல். பார்சிலோனா ரசிகனான எனக்கு இதை டைப் செய்யவே கை வரவில்லை.

எப்போதும் தலையில் உருண்டைத் தொப்பி, சாப்ளின் போடுவாரே, அந்த வகை. பெரிய ஆட்டத்தில் ஜெயித்தால் பையன்கள் ஓடிவந்து அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, உருத்தெரியாமல் போகும்வரை மேலே குதிப்பார்கள். மனுஷன் கோபிக்க மாட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் புதுத் தொப்பியோடு வருவார். பில்பாவோக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே அந்தத் தொப்பியின் பெயர்தான்: எல் பொம்பின்.

இன்னொன்று. 1929 மே மாதம் மாட்ரிட்டில் ஸ்பெயின் 4-3 என்று இங்கிலாந்தை வென்றது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்றது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஸ்பெயின் அணிக்கு உதவியாக நின்றவர் இதே பென்ட்லாண்ட். (1931இல் லண்டனில் 7-1 என்று இங்கிலாந்து வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது, அது வேறு கதை.)

1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் அவரை ஊருக்குத் துரத்தியது. இங்கிலாந்தில் கிடைத்தது பாரோ என்ற சின்ன அணியின் மேலாளர் வேலை. பில்பாவோ மறக்கவில்லை. 1959இல் அவரை வரவழைத்து, லண்டன் கிளப்பான செல்சியோடு ஒரு கௌரவ ஆட்டம் வைத்து, அவர் கையால் தொடங்கிவைத்தார்கள். 1962இல் இறந்தபோதும் தன் சான் மாமேஸ் மைதானத்தில் அஞ்சலி நடத்தியது அந்த கிளப்தான்.

புளூமரும் ஸ்பெயினில் ரியல் யூனியன் அணியின் பயிற்சியாளராக 1924 கோப்பையை வாங்கினார், மறுக்கவில்லை. ஆட்டக்காரராக அவர் எங்கேயோ உயரத்தில். பயிற்சியாளராக என்றால் 5 கோப்பை, 2 லீக் பட்டத்தோடு பென்ட்லாண்ட்தான் என் தேர்வு.