மல்வேர்னில் பேஸ்மென்ட் எடுக்கலாமா?

தங்கச்சி, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் இருக்கிற மல்வேர்னில் நீல்சன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்ட் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) வாடகைக்கு வந்திருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது, ஆனால் பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருக்கிற சொந்தக்காரர் "அது வெடிச்சத்தம் கேட்கிற இடம், பிள்ளையோடு போகாதே" என்று பயப்படுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குத்தான் பஸ்ஸில் வருவீர்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

எடுக்கலாம். நான் 2003இல் இருந்து இங்கேதான் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படித்து வளர்ந்தார்கள். ஆனால் உங்கள் சொந்தக்காரர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் சொல்வது இருபது வருசத்துக்கு முந்திய மல்வேர்ன்.

நாங்கள் வீடு வாங்கி வந்த அடுத்த வருசம், 2004 மே மாதம், ஒருநாள் விடியப்புறம் பொலிஸ் இறங்கி, இங்கிருந்த குழு ஒன்றின் ஆட்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனது. சத்தத்தில் எழும்பின எங்கள் மாமா, ஊரில் ஆமி செய்கிற சுற்றிவளைப்பு என்ற நினைப்பில், இலங்கை அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்போம். அதற்கு முதல், தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் தமிழ்ப் பெடியன்களே குழுப் பிரிந்து ஸ்காபரோவில் துவக்கோடு திரிந்தார்கள். 2001இல் பொலிஸ் கனபேரைப் பிடித்த பிறகுதான் அது அடங்கியது. இந்த ஏரியாவுக்குக் கெட்ட பேர் ஒட்டின காலம் அதுதான், அதை ஒட்டவைத்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். இப்போதும் எப்போதாவது செய்தியில் மல்வேர்ன் என்று வரும். அன்றைக்கு எனக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

ஆட்கள் சொல்வதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ரொறன்ரோ பொலிஸின் இணையத்தளத்துக்குப் போங்கள். நகரத்தை 158 அயல்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை அடிதடி, வீடுடைப்பு, கார் திருட்டு, வழிப்பறி என்று வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள். மல்வேர்ன் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருக்கும். ஆனால் வரைபடத்தின் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார் திருட்டில் வருசா வருசம் முன்னுக்கு நிற்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெஸ்ட் ஹம்பர்-கிளேர்வில். அங்கே குதிரைப் பந்தயத் திடலும் கசினோவும் கிடங்குகளும் பென்னம்பெரிய கார் தரிப்பிடங்களும் இருக்கின்றன. அங்கே நிற்கிற கார்களில் கனக்க வெளியில் இருந்து வந்தவர்களுடையவை. டவுன்டவுனிலும் இதே கதைதான். பகலில் வந்து போகிற இலட்சக்கணக்கான சனத்துக்குள் நடக்கிற அடிதடியை, இரவு அங்கே படுக்கிற சனத்தொகையால் பிரித்தால் வீதம் ஏறித்தானே நிற்கும்? 2018இல் ரொறன்ரோ முழுவதும் 98 கொலைகள், அதுவரை கண்டிராத கணக்கு. அதில் பத்து, யங் வீதியில் ஒரே ஆள் வான் வண்டியை ஏற்றிக் கொன்றது.

சரி, இத்தனை வருசத்தில் எங்கள் வீட்டுக்கு நடந்தது என்ன? துவக்கும் இல்லை, வீடுடைப்பும் இல்லை. 2022 கோடையில் மாமி பின்னேரம் நடக்கப் போனவர். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. பின்சீட்டில் கைப்பிள்ளையோடு ஒரு பெண். தன் தாயின் நினைவுநாள், வயதானவர்களிடம் ஆசி வாங்க வேண்டும் என்று சைகையும் ஆங்கிலமுமாகச் சொல்லி, மாமியைக் கட்டிப்பிடித்து, பளபளவென்று ஒரு சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டாள். மாமிக்குச் சரியான சந்தோசம். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் தெரிந்தது, புதுச் சங்கிலி இருக்கிறது, பதினொரு பவுண் தாலிக்கொடி இல்லை. பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு மாமி அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வந்த பொலிஸ்காரர், எங்கள் நிறத்து வயதானவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள், பிரம்டன், மிசிசாகா எல்லா இடமும் இதுதான் என்றார். உங்கள் சொந்தக்காரரிடம் இதையும் சொல்லுங்கள். உங்கள் அம்மா வந்தால் நகை பாங்க் லாக்கரில் இருக்கட்டும். வழி கேட்டுக் கார் நின்றால் கிட்டப் போக வேண்டாம்.

இரவு பஸ்ஸுக்கு வருகிறேன். இரவு 9 மணியிலிருந்து விடிய 5 மணி வரை, தனியாக வருகிறவர்கள் இரண்டு தரிப்புக்கு நடுவிலும் இறங்கலாம். ஒரு தரிப்புக்கு முதலே சாரதியிடம் சொல்ல வேண்டும், முன்கதவால் இறங்க வேண்டும். இது ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிற ரிரிசியின் (TTC) ஏற்பாடு, நீங்கள் யாரிடமும் கெஞ்சவில்லை. நான் நேர்சிங் ஹோமில் வேலை செய்த காலத்தில் பனியில் இப்படித்தான் வீட்டு முடக்கிலேயே இறங்குவேன். அவசர உதவிக்கு 911க்கு அடித்தால் "தமிழ்" என்று சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுப்பார்கள். அவசரமில்லாத விசயத்துக்குப் பொலிஸின் 416-808-2222.

கார் வாங்கும்போது காப்புறுதிக் காசு கூடுதலாகத்தான் வரும், இங்கே தபால் குறியீட்டையும் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். சாவியைக் கதவடியில் தொங்கவிடாமல் தகரப் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடி வையுங்கள். பட்டன் அமத்தி ஸ்டார்ட் பண்ணுகிற கார்களின் சாவி சிக்னலை வெளியில் நின்றே இழுத்து எடுக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், உங்கள் விசயத்தில் எனக்குப் பயம் தெருவில் இல்லை, அந்தப் பேஸ்மென்ட்டில்தான். படுக்கிற அறை ஜன்னலால் நீங்களும் பிள்ளையும் ஏறி வெளியே வர முடியுமா? நெருப்புப் பிடித்தால் மேல்வீட்டுக் குசினிக்குள்ளால்தான் ஓட வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா? புகை அலாரம் வேலை செய்ய வேண்டும், அது வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு. வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் காசு அனுப்ப வேண்டாம். வாடகை வைப்பாக ஒரு மாதக் காசுக்கு மேல் கேட்க ஒன்ராறியோச் சட்டத்தில் இடமில்லை. முதல் மாத வாடகையோடு சேர்த்து இரண்டு மாதக் காசு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பகலில் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதல் ஒருநாள் இரவு, நீங்கள் வேலையால் வருகிற அதே நேரத்துக்கு, கணவரோடு 133 பஸ்ஸில் வந்து இறங்கி பேஸ்மென்ட்டுக்குப் போகிற பக்கக் கதவு வரைக்கும் நடந்து பாருங்கள். வீட்டுச் சுவரோரம் லைட் இல்லாவிட்டால், ஆள் நடந்தால் எரிகிற லைட் ஒன்று போடச் சொல்லி, கையெழுத்து வைக்க முதலே கேளுங்கள். கையெழுத்து வைத்த பிறகு கேட்டால் அடுத்த பனிக்காலம் வரைக்கும் இழுப்பார்கள்.