நான்கு மணி நேர இருட்டு எப்படி 36 விநாடி ஆகிறது? – மின்தடைக் கணக்கு குறித்த கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: ஐயா, எத்தனை முறை கரண்ட் போனது, எவ்வளவு நேரம் போனது என்பதை வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 59-ஆவது பிரிவைப் பாருங்கள். மின் விநியோகம் செய்பவர் தம் செயல்பாட்டு விவரங்களையும், கொடுத்த இழப்பீட்டையும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் தர வேண்டும். ஆணையம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அவற்றை வெளியிட வேண்டும். மத்தியச் சட்டம்தான் என்றாலும் அளவுகோலை வகுப்பது மாநில ஆணையம். தமிழ்நாட்டில் அதற்கான ஒழுங்குமுறை 2004-இல் வந்தது. இத்தகைய ஒழுங்குமுறைகளைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

குலசேகரத்திலிருந்து, ரப்பர் விவசாயி: அண்ணாச்சி, காற்றடித்தால் எங்கள் பக்கம் கிளை ஒடிந்து லைனில் விழுகிறது. நான்கு மணி நேரம் இருட்டு. அது அறிக்கையில் தெரியுமா?

தெரியும், ஆனால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. மின்தடை நேரத்தைப் பாதிக்கப்பட்ட இணைப்புகளால் பெருக்கி, மொத்த இணைப்புகளால் வகுப்பார்கள். இதன் பெயர் சைடி. எத்தனை தடவை போனது என்பதற்கு சைஃபி. உங்கள் பகுதியில் 500 வீடுகளுக்கு 4 மணி நேரம் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பீடர் என்பது துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் லைன். 2,000 இணைப்புள்ள பீடருக்குக் கணக்கிட்டால் சராசரி ஒரு மணி நேரம். 2 லட்சம் இணைப்புக்குக் கணக்கிட்டால் 36 விநாடி! பொய் சொல்லவில்லை, வகுத்தார்கள், அவ்வளவுதான். ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள், உங்கள் பீடரின் கணக்கைக் கேளுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: கண்ணெதிரே காற்றாலை சுற்றுகிறது, வீட்டில் விளக்கு எரியவில்லையே?

காற்றாலை மின்சாரம் உயர் அழுத்த லைன் வழியாகப் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் போவது பெரும்பாலும் 11 கிலோவோல்ட் லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ உள்ள கோளாறு.

குளச்சலிலிருந்து: இரண்டு நிமிடம் போய் வருகிற கரண்ட்டும் கணக்கில் வருமா?

வராமல் போகலாம். 2020-இல் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், கணக்கில் சேர்ப்பதற்கான குறைந்தபட்ச நேரம் 3 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. ஆணையம் வேறு வரம்பும் வகுக்கலாம். உங்கள் பிரிட்ஜுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

ராஜாக்கமங்கலத்திலிருந்து: ஒக்கி புயலில் பல நாள் இருட்டில் கிடந்தோம். இழப்பீடு உண்டா?

புயல், வெள்ளக் காலங்களுக்கு விலக்கு உண்டு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். அந்த விலக்கில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சாதாரண மழைக்கும் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதிவிடுவதில்தான் மனத்தாங்கல்.

மார்த்தாண்டத்திலிருந்து: பீடர் கணக்கை எப்படி வாங்குவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'மின்தடை விவரம்' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். துணை மின்நிலையத்தின் பெயர், பீடரின் பெயர், தேதிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, லாக் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் பீடர் நின்ற நேரம், திரும்ப வந்த நேரம், காரணம் இருக்கும். 'எர்த் ஃபால்ட்' (லைன் மின்சாரம் தரைக்குப் பாய்வது) என்று அடிக்கடி வந்தால், லைனில் மரம் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் மட்டும் போனால் பீடர் நிற்காது. லாக் புத்தகத்திலும் அது ஏறாது. அதற்கு உங்கள் புகார்தான் சாட்சி. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குப் பேசி, புகார் எண்ணை வாங்குங்கள். லைன்மேனுக்கு மட்டும் போன் செய்தால் கரண்ட் வரும், பதிவு இருக்காது. நான் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் தொங்கவிட்டிருக்கிறேன்: போன நேரம், வந்த நேரம், புகார் எண். மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள்.