கவுன்சிலர் சீட்டும் சபைச் செயலர் பொறுப்பும்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். ஆறு வருடமாக எங்கள் சபையின் செயலர். உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலராக நிற்கச் சொல்லி ஒரு கட்சியினர் கேட்கிறார்கள். “விசுவாசிக்கு அரசியல் ஆகாது, என் ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்” என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். வாலிபர்களோ, “நில்லுங்கண்ணே, ஆராதனை அறிவிப்பில் ஒரு வார்த்தை சொன்னால் ஓட்டு மொத்தமாக விழும்” என்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: சகோதரரே, தாராளமாக நில்லுங்கள். ஆனால் வேட்புமனு தாக்கல் செய்வதற்கு முன்பே செயலர் பொறுப்பை ராஜினாமா செய்துவிடுங்கள்.

பெரியவர்கள் சொல்லும் வசனம் யோவான் 18:36. பிலாத்துவின் விசாரணையில் இயேசு சொன்னது. தம் ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதானால் தம் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்று அதே வசனத்திலேயே விளக்கமும் தருகிறார். வாளெடுத்து வருகிற ராஜ்யமல்ல அது என்பதுதான் அங்கே பேச்சு. தெருவில் தண்ணீர் வராததை விசுவாசி கண்டுகொள்ளக் கூடாது என்று அதிலிருந்து எடுக்க முடியாது. ரோமர் 16:23-ஐத் திறந்து பாருங்கள். பவுலின் அந்தக் கடிதத்தில் வாழ்த்து அனுப்புகிறவர்களில் ஒருவர் ‘பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து’. நகரத்தின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட மனிதர்; அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று பவுல் சொன்னதாக எங்கும் இல்லை. ஏரஸ்து என்ற நகர அதிகாரி தன் சொந்தச் செலவில் தளக்கல் பாவியதாக ஒரு கல்வெட்டு 1929-ல் கொரிந்துவில் கிடைத்தது. இருவரும் ஒருவரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கவுன்சிலர் ஆகப் போகிறவருக்கு அந்தத் தளக்கல் நல்ல முன்மாதிரி.

உங்கள் மண்ணிலேயே மார்ஷல் நேசமணி இருந்தார். திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தை நடத்திய கிறிஸ்தவர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, தமிழ் பேசும் எல்லாருக்குமாகத்தான் அது நடந்தது. 1968-ல் அவர் மறைந்தபின் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் அதே மக்கள் காமராஜரை ஜெயிக்க வைத்தார்கள்.

வாலிபர்களின் யோசனை வேண்டவே வேண்டாம். வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆலயக் கட்டடம் மட்டுமல்ல, சபை நிதியையும் தொடக் கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. செயலரே வேட்பாளர் என்றால் ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று சொல்லவும் வழியில்லை.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா நாற்பது வருடமாக வேறொரு கட்சிக்காரராக இருப்பார். அறிவிப்பில் உங்கள் பெயர் வாசிக்கப்பட்ட அன்று அவர் திருவிருந்துக்கு எழுந்து வரத் தயங்குவார். நான் அறிந்த ஒரு சபையில் இப்படி அறிவித்த மறுவாரமே இரண்டு குடும்பங்கள் வேறு ஆலயத்துக்குப் போய்விட்டன. தேர்தல் முடிந்தும் அவர்கள் திரும்பவில்லை.

வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் முதலிலேயே பாருங்கள். பட்டியல் சாதியினருக்கான வார்டில் கிறிஸ்தவர் நிற்க முடியாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே அந்தத் தகுதி. தலித் கிறிஸ்தவர்களுக்கு இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சான்றிதழில் ஒன்றும் வாழ்க்கையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு நிற்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; பதவியும் போகும், சாட்சியும் போகும்.

2011 கணக்கெடுப்பில் உங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம், இந்துக்கள் 49 சதவீதம். ஜெயித்தால் இவர்கள் எல்லாருக்கும் நீங்கள்தான் கவுன்சிலர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் மனு வாங்காதீர்கள். அங்கே வரக் கூச்சப்படும் அம்மாவுக்கும் குழாய் இணைப்பு வேண்டும். வீட்டிலோ பேரூராட்சி அலுவலகத்திலோ வாங்குங்கள். சபையின் அசன விருந்துக்கு அரிசி மூட்டை தருகிறேன் என்று ஒப்பந்தக்காரர் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். சபை நிலம் சம்பந்தமான தீர்மானம் மன்றத்துக்கு வந்தால், ‘இது என் சபை’ என்று எழுந்து சொல்லிவிட்டு, ஓட்டுப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.